கடைசிப் பென்குவின் வரும்வரை

மூரியல் ஆன்ட்டி ஒரு பெண்ணைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றால் எங்கள் தென்னாப்பிரிக்கக் கடலோர ஊரான ஸ்ட்ராண்டில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பவன் அவள் மகன் கிரான்வில் ஒருவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பாமெலா என்று ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்தான். நல்ல பெண், பள்ளிக்கூடத்தில் வேலை. மூரியல் ஆன்ட்டி அவளை 'மகளே, மகளே' என்று வாய் நிறையக் கூப்பிட்டு, ஒரு சனிக்கிழமை கடலில் குளிக்க அழைத்துப் போனாள். தண்ணீரிலிருந்து ஏறி வந்த பாமெலாவின் தலையை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாமெலா என்ற பேச்சே எழவில்லை.

இந்த வருஷம் பெரனிஸின் முறை.

வெள்ளையும் கறுப்பும் கலந்து பிறந்த எங்கள் ஆட்களுக்கு முடி ஒரு வியாதி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தான். வழுக்கி விழுந்தால் ஒரு சாதி, சிக்கி நின்றால் வேறு சாதி. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளைக்கூட அப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறான் படுபாவி. அவன் சட்டம் ஒழிந்துபோயிற்று. பென்சில் மட்டும் எங்கள் வீட்டுப் பெரிய மனுஷிகள் கையில் தங்கிவிட்டது.

பெரனிஸுக்குப் பிறந்ததிலிருந்தே கம்பிச்சுருள் முடி. அதை அவள் ஊருக்குக் காட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை கழுவி, உருளையில் சுற்றி, சூடு காட்டி, இழுத்து இழுத்து வாரி, பழைய காலுறையை வெட்டித் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பாள். காலையில் அவிழ்த்தால் தோள்வரை பட்டு மாதிரி விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் நீட்டின முடி சுருண்டு மேலே ஏறிவிடும். 'முடி வீட்டுக்குத் திரும்பிட்டுது' என்போம் நாங்கள். கிரான்விலோடு பழகிய இந்த ஒரு வருஷமும் மழை வந்தால் அவளுக்குத் தலைவலி, நீச்சலுக்குக் கூப்பிட்டால் சளி. அவன் அவள் அசல் முடியைப் பார்த்ததே இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிரான்வில் வீட்டார் பெரனிஸின் ஊரான மக்காசருக்கு வந்து அவளைப் பெண் கேட்க வேண்டும். அவள் அம்மா பக்கத்து வீடுகளில் நாற்காலி சொல்லி வைத்துவிட்டாள், கேக்குக்குச் சொல்லிவிட்டாள். மூரியல் ஆன்ட்டிதான் 'பாக்கலாம், கடவுள் சித்தம்' என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் வராமல் கிரான்வில் வரமாட்டான். தாயை மீறி அவன் ஒரு சட்டைகூட வாங்கியதில்லை. ஆனாலும் பெரனிஸுக்கு அவன்தான் வேண்டும். செருப்புக் கடையில் அவள் வேலை முடிந்து வரும்வரை மழையோ காற்றோ பஸ் நிறுத்தத்தில் நிற்பான். வேறு யாரும் அவளுக்காக எங்கேயும் நின்றதில்லை. இருபத்தெட்டு வயதில் அது சின்ன விஷயமா?

அதனால் புத்தாண்டுக்கு மறுநாள், 'பெட்டிஸ் பே போய் பென்குவின் கரையேறுறதப் பாத்துட்டு வரலாம், நீயும் வா மகளே' என்று மூரியல் ஆன்ட்டி சொன்னபோது மறுக்க முடியவில்லை. குளிக்கப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். முன்னெச்சரிக்கையாகப் பெரிய பச்சை ஸ்கார்ஃப் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள்.

வேன் பேசில் அங்கிளுடையது. மூரியல் ஆன்ட்டியின் புருஷன். எந்நேரமும் தலையில் தொப்பி, வாயில் பூட்டு. பின்சீட்டில் கிரான்வில், பெரனிஸ், இரண்டு பேருக்கும் நடுவில் நடீன். நடீன் கிரான்விலின் தங்கை. அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் அத்தனை வருஷ இடைவெளி விட்டு, யாரும் எதிர்பாராமல் பிறந்தவள். ஏழு வயசு. அவளுக்கு அப்பா வழிக் கம்பிச்சுருள் முடி. மூரியல் ஆன்ட்டி அதை ஒரு நாளும் மன்னிக்கவில்லை, புருஷனையும் சரி, பிள்ளையையும் சரி. சனிக்கிழமைதோறும் நடீனை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சீப்பைப் போட்டு இழுப்பாள். பிள்ளை போடுகிற கத்தல் தெருமுனைவரை கேட்கும். பின்னல் அவ்வளவு இறுக்கமாக இருக்கும், பிள்ளைக்குக் கண் சரியாக மூடாது.

நடீனுக்குப் பெரனிஸ் என்றால் உயிர். அந்த வீட்டுக்கு வந்தவர்களில் 'ஐயோ பாவம், அப்பன் தலை' என்று உச்சுக்கொட்டாத ஒரே ஆள் அவள்தான். வந்தால் மடியில் ஏறிக்கொள்வாள். யாரும் பார்க்காதபோது பெரனிஸ் அந்தப் பின்னலைக் கொஞ்சம் தளர்த்தி விடுவாள். அன்றும் வேனில் நடீன் அவள் தோளில் விழுந்த முடியைத் தடவிக்கொண்டே கேட்டாள், தான் பெரிசானால் தனக்கும் இப்படி ஆகுமா என்று. ஆகும் என்றாள் பெரனிஸ். வேறு என்னத்தைச் சொல்வது?

கடலோரப் பாதை வளைந்து வளைந்து போனது. முதல் வளைவிலேயே மூரியல் ஆன்ட்டி திரும்பிப் பார்த்து, கேக்கும் கஸ்டர்டும் அடுக்கின டிரைஃபிள் பாத்திரம் ஆடுகிறது என்றாள். இரண்டாவது வளைவில், கஸ்டர்ட் சிந்திவிடும் என்றாள். மூன்றாவது வளைவில் கையை நீட்டிவிட்டாள்.

"அந்த ஸ்கார்ஃபக் குடு மகளே. பாத்திரத்தச் சுத்திக் கட்டணும். வண்டிக்குள்ள உனக்கு எதுக்கு அது, காதா வலிக்குது?"

பெரனிஸ் அவிழ்த்துக் கொடுத்தாள். ஸ்கார்ஃப் டிரைஃபிளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மதியம் புல்வெளியில் கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டு முடிக்கும்போது அதில் கஸ்டர்ட் ஊறியிருந்தது. துவைத்துத் தருகிறேன் என்று மூரியல் ஆன்ட்டி அதைச் சுருட்டி அழுக்குத் தட்டுகளோடு வைத்துவிட்டாள். குரலில் அத்தனை தேன்.

சாப்பிட்ட இடம் மரங்களுக்குள் மறைவாக இருந்தது. பெரனிஸ் தைரியமாகவே இருந்தாள். இஞ்சி பீர் குடித்தாள், கிரான்விலின் வேடிக்கைப் பேச்சுக்குச் சிரித்தாள், நடீனோடு புல்லில் உருண்டாள். இப்படியே இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நம் கையில் என்று நினைத்தாள். ஆனால் பென்குவின்கள் அவள் சௌகரியத்துக்கா வரும்? பகலெல்லாம் மீன் பிடித்துவிட்டுப் பொழுது சாயும்போதுதான் கரையேறும்.

பாறைகளுக்கு மேலே போட்டிருந்த பலகைப் பாதையில் அவர்கள் போய் நின்றபோது காற்று திரும்பிவிட்டது. மலை உச்சியில் படுத்திருந்த மேகம் சரிவில் வழிந்து கீழே இறங்க ஆரம்பித்தது. அலை பாறையில் மோதும்போதெல்லாம் பொடித்தூறல் எழும்பி வந்தது. கூடவே ஒரு நாற்றம், அழுகின மீனும் கோழிக்கூடும் கலந்த மாதிரி. கரையில் தங்கியிருந்த பென்குவின்கள் கழுத்தை நீட்டிக் கழுதையாகக் கத்திக்கொண்டிருந்தன. ஊர்ச்சனம் எல்லாம் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தது. பெரனிஸ் மட்டும் வானத்தைப் பார்த்தாள்.

பலகைக்கு மிகப் பக்கத்தில் ஒரு பென்குவின் தனியாக நின்றது. அதன் உடம்பு முழுக்கப் பழைய இறகு கொத்துக் கொத்தாகப் பிய்ந்து தொங்கியது. பாதி உரித்த தலையணை மாதிரி இருந்தது. காற்றடிக்க அடிக்க அதன் இறகுகள் பறந்து அதன் காலடியிலேயே விழுந்தன. சுற்றி இருந்தவர்கள் அதைக் காட்டிச் சிரித்தார்கள்.

நடீனுக்கு அது பொறுக்கவில்லை. அதுக்கு வியாதி ஒன்றும் இல்லை, இறகு மாற்றுகிறது, புது இறகு முளைக்கிறவரை அது தண்ணீரில் இறங்கக்கூடாது, இறங்கினால் குளிரில் விறைத்துச் செத்துப்போகும், அதனால்தான் பட்டினி கிடந்து நிற்கிறது, எங்கள் மிஸ் சொன்னார்கள் என்று மூச்சு விடாமல் எல்லோருக்கும் ஒப்பித்தாள்.

"அப்படியா? தண்ணி பட்டா ஆகாதா அதுக்கு?" என்றாள் மூரியல் ஆன்ட்டி. அப்புறம் யாரையும் பார்க்காமல், "நம்மகூடவும் ஒரு ஆளு தண்ணின்னா பயந்து சாகுது. என்ன கிரான்வில்?" என்றாள்.

கிரான்வில் சிரித்தான். சிரிக்கவேண்டிய இடம் எது என்பது அவனுக்கு அம்மாவின் குரலிலிருந்தே தெரிந்துவிடும். இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் பெரனிஸின் மண்டையில் உறைத்தது.

குளிர்கிறது, வேனில் போய் உட்காருகிறேன், ஆன்ட்டியிடம் சாவி இருக்கிறதா என்று கேட்டாள். அதெப்படி மகளே, இத்தனை தூரம் வந்துவிட்டு என்றாள் மூரியல் ஆன்ட்டி. கடைசிப் பென்குவின் வருகிறவரை யாரும் இங்கிருந்து அசையக்கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு உத்தரவும் போட்டாள். பேசில் அங்கிள் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். பெரனிஸ் கிரான்விலின் பக்கம் சாய்ந்து, உன் தலையில் இருக்கிற தொப்பியைக் கொஞ்சம் தா என்று காதோடு கெஞ்சினாள். வெயிலா அடிக்கிறது உனக்குத் தொப்பி போட என்று கேட்டுவிட்டு அந்த மடையன் கடலைக் காட்டினான்.

கடலில் கறுப்பாக ஒரு கூட்டம் தெரிந்தது. அலை ஒன்று அதைத் தூக்கிப் பாறையில் கொட்டியது. விழுந்த வேகத்தில் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, கல்யாணத்துக்கு நேரமாகிவிட்ட கிழவர்கள் மாதிரி ஆடி ஆடி மேலே வந்தன. ஒன்று வழுக்கி விழுந்தது. பின்னால் வந்தது அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டே போனது. புதருக்குள்ளிருந்து குஞ்சுகள் ஓடிவந்து வாயைப் பிளந்தன. தன் குஞ்சு இல்லாத ஒன்று நெருங்கினால் தாய்கள் கொத்தி விரட்டின. சும்மா இல்லை, ரத்தம் வரக் கொத்தின. நடீன் கைப்பிடியில் ஏறி நின்று கைதட்டினாள். அந்தப் பரவசத்தில் பெரனிஸும் கொஞ்ச நேரம் தன்னை மறந்துவிட்டாள்.

காதோரம் முதலில் ஒரு கூச்சம். தொட்டுப் பார்த்தாள். சுருள ஆரம்பித்திருந்தது. அடுத்த கூட்டம் கரையேறியபோது நெற்றியில். அதற்கடுத்த கூட்டத்தில் பிடரியில். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள், தலைவலிக்காரி மாதிரி. மேகம் முழுசாக இறங்கி எல்லோரையும் மூடியது. முகத்திலும் கையிலும் ஈரம் முத்து முத்தாக நின்றது. இரண்டு கையால் எவ்வளவை மறைக்க முடியும்? ஒவ்வொரு முடியாகக் கிளம்பி, தோளை விட்டு, கழுத்தை விட்டு, மேலே மேலே ஏறி, ராத்திரி முழுக்கக் காலுறைக்குள் அடக்கி வைத்த அத்தனையும் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. பெரனிஸ் கையைக் கீழே போட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

மூரியல் ஆன்ட்டி அவசரப்படவில்லை. கடைசியாக ஒரு பென்குவின் நொண்டிக்கொண்டே வந்து புதருக்குள் நுழைகிறவரை பார்த்தாள். அப்புறம்தான் திரும்பினாள். மெதுவாக, ஆற அமர, பெரனிஸின் நெற்றியில் தொடங்கி உச்சிவரை பார்த்தாள்.

"கிரான்வில், இங்க பாருப்பா," என்றாள்.

கிரான்வில் பார்த்தான். அவன் முகத்தில் அருவருப்பு இல்லை. இருந்திருந்தால்கூட பெரனிஸ் தாங்கியிருப்பாள். ஒரு வருஷம் இவளுக்காக பஸ் நிறுத்தத்தில் நின்றவன், இவள் தலையைப் பார்த்துவிட்டு, தான் என்ன நினைக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் நடீன் கைப்பிடியிலிருந்து குதித்து வந்தாள். பெரனிஸை அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். அப்புறம் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதை ஜென்மத்துக்கும் மறக்க முடியாது. பெரனிஸின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, அவள் தலைக்குள் தன் விரல்களை விட்டாள்.

"மம்மி, பெரனிஸ் ஆன்ட்டிக்கும் என் முடி! ரெண்டு பேருக்கும் ஒண்ணு மம்மி!"

அவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு. இந்த உலகத்தில் தனக்கு ஒரு துணை இருக்கிறது, அதுவும் இவ்வளவு அழகான துணை, அதுவும் தன் வீட்டுக்கே வரப்போகிற துணை. பக்கத்தில் நின்றிருந்த குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தது.

மூரியல் ஆன்ட்டி புன்னகைக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பரீட்சைக் கேள்வி கேட்பவள் மாதிரி கேட்டாள்.

"ஒண்ணா மகளே? நீயும் இவளும் ஒண்ணா?"

பெரனிஸ் கிரான்விலைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான். அதில் இனி பார்க்க ஒரு பென்குவின்கூட இல்லை. அம்மா சொல்லி வைத்த நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. மக்காசரில் தன் சோட்டுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நிற்பது நினைவுக்கு வந்தது. தலைக்குள் அந்தச் சின்ன விரல்கள் இன்னும் அளைந்துகொண்டிருந்தன. பெரனிஸ் அந்தக் கையைப் பிடித்து எடுத்தாள். எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"சேச்சே, என்ன ஆன்ட்டி. எனக்கு ஈரம் பட்டா லேசா சுருளும், ஒரு தடவ வாரினா படிஞ்சிடும். இவ தலையும் என் தலையும் ஒண்ணா?" என்றவள், பலகை ஓரத்தில் இறகு பிய்ந்து நின்றதைக் கை நீட்டிக் காட்டினாள். "அதோ நிக்குதே, அதுதான் நடீனோட அக்கா. பிஞ்ச பென்குவின். ரெண்டையும் பக்கத்துல நிறுத்தினா எது எதுன்னு ஆன்ட்டிக்கே தெரியாது."

மூரியல் ஆன்ட்டி பென்குவினையும் நடீனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் வெடித்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிஞ்ச பென்குவின், பிஞ்ச பென்குவின் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கிரான்விலும் சிரித்தான், பெரிய பாரம் இறங்கின மாதிரி. புன்னகைத்த அந்தக் குடும்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. பேசில் அங்கிள் மட்டும் தொப்பியைக் கழற்றி, தன் வழுக்கைக்கு ஓரமாக மிச்சமிருந்த சுருளைத் தடவிக்கொண்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

பெரனிஸ் சொன்னது பொய் என்று மூரியல் ஆன்ட்டிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முடியை மருந்து போட்டு நீட்டிவிடலாம், வாயை மருந்து போட்டு மாற்ற முடியுமா? இது தன் வீட்டு வாய்தான், தன் பக்கம் நின்று பேசுகிற வாய்தான் என்று அவள் கண்டுகொண்டாள். பாமெலாவுக்கு அது இல்லாமல் போயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூரியல் ஆன்ட்டி தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் மழைத்தொப்பியை எடுத்து உதறினாள். காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. தன் கையாலேயே பெரனிஸின் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"முன்னாடியே கேட்டிருக்கலாம்ல மகளே," என்றாள்.

நடீன் அழவில்லை. எடுத்துவிடப்பட்ட கையைக் கொஞ்ச நேரம் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. அப்புறம் அந்தப் பென்குவினைப் பார்த்தாள், சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள். வேனில் ஏறும்போது நடுசீட்டுக்கு வரவில்லை, பின்னால் அழுக்குப் பாத்திரங்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். காலியான இடத்தில் கிரான்வில் நகர்ந்து வந்து பெரனிஸின் கையைப் பிடித்தான். வழி நெடுக விடவில்லை. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை: பெரனிஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்குமுன் வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மூரியல் ஆன்ட்டி வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள், கூடத் தன் அக்காவையும் சபை மூப்பரையும் கூட்டி வந்தாள். முந்தின நாளே அவள் ஒரு டப்பா முடி மருந்து கொடுத்தனுப்பியிருந்தாள். தலை எரிந்து, உச்சியில் கொப்புளம் கண்டும், பெரனிஸ் அதைப் போட்டு வாரியிருந்தாள். மூப்பர் ஜெபம் செய்தார், பெண் கேட்டார், பெரனிஸின் அம்மா அழுதுகொண்டே சம்மதம் சொன்னாள். மூரியல் ஆன்ட்டி தன் அக்காவிடம் திரும்பி, முடியைப் பார்த்தாயா, எல்லாம் பிறவியிலேயே வந்தது என்று பெருமையடித்தாள். அக்கா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கேக் வெட்டினார்கள். நடீன் கதவோரத்தில் நின்றாள், தலையில் காலுறை இறுக்கிக் கட்டியிருந்தது.

"ஏ பென்குவின், அங்க என்ன நிக்கிற? போய் ஆன்ட்டிக்கு முத்தம் குடு," என்றாள் மூரியல் ஆன்ட்டி. பேர் ஒட்டிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு பட்டப்பேர் ஒட்டினால் கல்லறையில்கூட அதைத்தான் எழுதவேண்டும். தெருவில் பிள்ளைகள் அவள் பின்னால் ஆடி ஆடி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கிரான்வில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

நடீன் வந்தாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை. பெரனிஸ் குனிந்தாள், பெரிய கேக் துண்டாகப் பார்த்து எடுத்து நீட்டினாள். நடீன் அவள் கன்னத்தில் முத்தம் வைத்தாள். வைத்தபடியே அவள் காதோரத்தைக் கவனித்துப் பார்த்தாள். பிறகு அவள் காதுக்குள், வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"இங்க ஒரு முடி வீட்டுக்குத் திரும்பிடுச்சு, ஆன்ட்டி. பெரியம்மாகிட்ட இன்னிக்குச் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கேக்கை வாங்கிக்கொண்டு, தன் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, பெரனிஸைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.